கோரல் என்றால் என்ன? நொய்மார்க்கின் ஆறு வரிகளை வைத்து ஓர் அறிமுகம்

‘பாக் எழுதிய கோரல்கள்’ என்று இசைத்தட்டு உறைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மெட்டுகளில் பெரும்பாலானவை ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதியவை அல்ல. அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சில சமயம் நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, வேறு யாரோ போட்ட மெட்டுகள். மேற்கத்தியச் செவ்விசைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். குழப்பத்துக்குக் காரணம் ‘கோரல்’ என்ற ஒரே சொல் மூன்று பொருள்களில் புழங்குவது.

ஒன்று, மார்ட்டின் லூத்தரின் வழி வந்த ஜெர்மானிய லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) தேவாலயங்களில் சபையார் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு. இரண்டு, அந்தப் பாட்டின் மெட்டு மட்டும். மூன்று, அந்த மெட்டை மேல் குரலில் வைத்து, கீழே மூன்று குரல்களைச் சேர்த்து எழுதிய நான்கு குரல் அமைப்பு. ‘பாக்கின் கோரல்’ என்றால் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். மெட்டு பழையது, அதற்குக் கீழே கட்டிய ஒத்திசைவு (ஹார்மனி) பாக்குடையது.

கோரலைப் புரிந்துகொள்ள நூறு பாட்டுகள் தேவையில்லை, ஒன்று போதும். அதற்கு 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கவிஞர் கேயோர்க் நொய்மார்க்கின் பாட்டைவிட வசதியானது கிடைக்காது. வழக்கமாகப் பாட்டை ஒருவர் எழுதுவார், மெட்டை இன்னொருவர் போடுவார், அல்லது ஏற்கெனவே இருக்கிற மெட்டில் புதுப் பாட்டு உட்காரும். நொய்மார்க் இரண்டையும் தானே செய்தார். செல்லோ போன்ற பழைய வில்வாத்தியமான வயோலா ட காம்பா வாசிக்கத் தெரிந்தவர், சட்டம் படித்தவர், சம்பளத்துக்கு ஜெர்மனியின் வைமார் அரசவையில் எழுத்து வேலை பார்த்தவர்.

எண்ணிப் பார்க்கலாம்

பாட்டின் முதல் வரியைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதலாம்: வேர் நூர் டென் லீபென் காட் லெஸ்ட் வால்டென். முதல் பத்தியின் பொருள்: அன்பான கடவுளையே ஆளவிட்டு, எப்போதும் அவர்மேல் நம்பிக்கை வைத்திருப்பவனை, எல்லா நெருக்கடியிலும் துயரத்திலும் அவர் அதிசயமாகத் தாங்குவார், உன்னதமானவரை நம்புகிறவன் மணல்மேல் வீடு கட்டியவன் அல்ல. கடைசி வரியில் இருப்பது மத்தேயு சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில் வரும் மணல்வீட்டு உவமை.

இப்போது ஒலியசைகளை எண்ணுங்கள்: வேர், நூர், டென், லீ, பென், காட், லெஸ்ட், வால், டென். ஒன்பது. இரண்டாம் வரி: உன்ட், ஹொ, ஃபெட், அவ்ஃப், ஈன், அல், லெ, ட்ஸைட். எட்டு. மூன்றாவது மறுபடி 9, நான்காவது 8, ஐந்தும் ஆறும் 8, 8. ஆக 9.8.9.8.8.8. பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்புக்கு அருகிலோ அடியிலோ இப்படிப் புள்ளி வைத்த எண் வரிசை இருக்கும். அது பக்க எண்ணும் அல்ல, வேத வசன எண்ணும் அல்ல. வரிக்கு எத்தனை ஒலியசை என்பதைச் சொல்லும் அளவு அது.

நம் யாப்பில் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ‘மலர்’ என்பது நமக்கு ஒரு நிரையசை. கோரல் கணக்கில் அது இரண்டு, ஏனென்றால் அதில் இரண்டு உயிரொலிகள் இருக்கின்றன. நேர், நிரை என்று பிரிக்காமல் உயிரொலியை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறாது.

எண்ணிக்கை பாதிதான். மீதிப் பாதி அழுத்தம். மேலே உள்ள முதல் வரியில் நூர், லீ, காட், வால் ஆகிய நான்கும் அழுத்தி ஒலிப்பவை. மற்றவை மெல்ல ஒலிப்பவை. மெலிவு, அழுத்தம், மெலிவு, அழுத்தம் என்று போய், ஒன்பதாவது ஒலியசை மெலிவாக முடிகிறது. எட்டு உள்ள வரி அழுத்தமாக முடிகிறது. எனவே 9, 8 என்ற எண்களைப் பார்த்தாலே வரி எப்படி முடியும் என்று சொல்லிவிடலாம்: இந்த நடையில் ஒற்றைப்படை என்றால் மெல்லத் தேய்ந்து முடியும், இரட்டைப்படை என்றால் அடித்து நிற்கும். இயைபும் இதன்படியே போகிறது. 1-3 வரிகள் ஒன்றோடொன்று, 2-4 ஒன்றோடொன்று, கடைசி இரண்டும் தமக்குள்.

இவ்வளவு ஒழுங்கு இயல்பாக வந்துவிடவில்லை. மார்ட்டின் ஓபிட்ஸ் என்ற கவிஞர் 1624-இல் ஜெர்மன் கவிதைக்கு ஓர் இலக்கண நூல் எழுதினார். பேசும்போது சொல்லில் எங்கே அழுத்தம் விழுகிறதோ, செய்யுளிலும் அங்கேதான் விழ வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி. அதற்கு முன் ஒலியசை எண்ணிக்கை சரியாக இருந்தாலே போதும் என்று எழுதியவர்கள் உண்டு. பாடும்போது சொற்கள் கோணலாக ஒலிக்கும். ஓபிட்ஸின் நூல் வந்தபோது நொய்மார்க்குக்கு மூன்று வயது. புது விதிகளோடே வளர்ந்த தலைமுறை அவருடையது. அதனால்தான் அவர் வரிகள் இன்றும் வாயில் இடறாமல் போகின்றன.

முப்பதாண்டுப் போரில் ஒரு மாணவன்

நொய்மார்க் பிறந்தது 1621 மார்ச் மாதம், தூரிங்கியா பகுதியில் லாங்கன்சால்ட்ஸா என்ற ஊரில். மியூல்ஹவுசன் என்ற ஊரில் வளர்ந்தார். அவருடைய தேதிகளைத் தேடினால் நூலுக்கு நூல் பத்து நாள் வித்தியாசம் வரும். அச்சுப்பிழை இல்லை. ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் நாடுகள் 1700 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தன. அந்தக் காலத்தில் அதற்கும் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கும் இடைவெளி சரியாக 10 நாள். 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் யாரைப் பற்றிப் படித்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1618-இல் தொடங்கிய போர் 1648 வரை நடந்தது. நொய்மார்க்கின் படிப்பு முழுக்க அதற்குள்தான். கோத்தாவில் பள்ளிப்படிப்பை முடித்து 1641 இலையுதிர் காலத்தில் கிளம்பினார். போக நினைத்தது கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்துக்கு. இன்று அந்த ஊர் ரஷ்யாவின் காலினின்கிராத். தனியாகப் போவது ஆபத்து என்பதால் லைப்சிக் சந்தைக்குப் போகும் வணிகர்களோடு சேர்ந்துகொண்டார். அங்கிருந்து வடக்கே போகும் வழியில், கார்டலேகன் ஊரருகே பொட்டல்வெளியில் கொள்ளைக்காரர்கள் வழிமறித்தார்கள். ஜெப புத்தகமும் நண்பர்கள் கையெழுத்திட்ட ஏடும் துணிக்குள் தைத்து வைத்திருந்த கொஞ்சம் பணமும்தான் தப்பின.

படிப்புக்கான காசு போய்விட்டது. மாக்டபர்க், லியூனபர்க், ஹம்பர்க் என்று வேலை தேடி அலைந்தார். குளிர்காலத்தில் கீல் நகரை அடைந்தபோது, அங்கே தலைமைப் போதகராக இருந்த நிக்கோலாஸ் பெக்கர் கைகொடுத்தார். அவரும் தூரிங்கியாக்காரர், ஊர்ப் பாசம் என்றே சொல்லலாம். திடீரென்று ஒரு நீதிபதி வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை காலியானது. பெக்கரின் பரிந்துரையில் அது நொய்மார்க்குக்குக் கிடைத்தது. வேலை கிடைத்த அந்த நாளிலேயே இந்தப் பாட்டை எழுதினார். அப்போது அவருக்கு வயது 20.

இதற்குப் போட்டியாக இன்னொரு கதையும் சுற்றி வருகிறது. ஹம்பர்க்கில் வறுமையில் தன் காம்பாவை அடகு வைத்தார், பிறகு ஸ்வீடன் நாட்டுத் தூதரிடம் வேலை கிடைத்து அதை மீட்டார், மீட்ட கையோடு கண்ணீர் மல்க வாசித்துப் பாடியதுதான் இந்தப் பாட்டு என்பார்கள். மேடையில் சொல்ல நல்ல கதை, ஆனால் ஆண்டுக்கணக்கு ஒத்துவரவில்லை. கதை சொல்லும் 1653-இல் அவர் ஹம்பர்க்கிலேயே இல்லை, வைமாரில் வேலையில் இருந்தார். தவிர, கீல் நகரில் வேலை கிடைத்ததையும் அன்றே பாட்டு எழுதியதையும், இறந்த ஆண்டான 1681-இல் வந்த தன் நூலில் அவரே சொல்லியிருக்கிறார். எழுதியவரே சொன்ன சான்று இருக்கும்போது அடகுக் கதையை விட்டுவிடுவதே முறை. அடுத்த பெரிய நஷ்டம் 1646-இல் கோனிக்ஸ்பெர்க்கில் நடந்தது. தீ விபத்தில் மறுபடி எல்லாம் போயிற்று. அதை வைத்து யாரும் கதை கட்டவில்லை.

கீல் நகரில் காசு சேர்த்து 1643-இல் கோனிக்ஸ்பெர்க்குக்குப் போய்ச் சேர்ந்தார். பதிவு செய்தது சட்டத்துக்கு, மனம் போனது கவிதைக்கு. அங்கே கவிதைப் பேராசிரியராக இருந்தவர் சைமன் டாக். 1648-இல் அங்கிருந்து கிளம்பி வார்சா, தோர்ன், டான்சிக், ஹம்பர்க் என்று சில ஆண்டுகள் போயின.

அலுவலகத்தில் ஒரு கவிஞர்

1651 கடைசியில் தூரிங்கியாவுக்குத் திரும்பினார். வைமார் சிற்றரசர் வில்ஹெல்ம் அவரை அரசவைக் கவிஞராகவும் நூலகராகவும் அலுவலகப் பதிவாளராகவும் அமர்த்தினார். பிறகு ஆவணக் காப்பகத்தின் செயலர் பொறுப்பும் வந்தது. சில அறிமுகக் குறிப்புகள் இவரை ராஜதந்திரி என்கிற அளவுக்கு உயர்த்திவிடுகின்றன. அது கொஞ்சம் அதிகம். கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது, ஆவணங்களைக் காப்பது, நூல்களை அடுக்குவது, அரண்மனை விழாக்களுக்கு வாழ்த்துப் பாவும் நாடகமும் எழுதுவது ஆகியவைதான் அந்தப் பதவிகளின் வேலை. இன்றைய பேச்சில் சொன்னால் அரசு எழுத்தர், நூலகர், விழாக் கவிஞர் மூன்றும் ஒருவரே.

ஆனாலும் அவர் தனி விதிவிலக்கு அல்ல. லூத்தரன் பாட்டுகளை எழுதியவர்கள் எல்லோரும் போதகர்கள் என்று நினைப்பது தவறு. நியூரன்பர்க் நகர மன்றத்தின் செயலராக இருந்த லாசரஸ் ஸ்பெங்லர் 1524-இலேயே ஆதாமின் வீழ்ச்சியைப் பற்றிய பெயர்பெற்ற பாட்டை எழுதினார். ‘இயேசுவே, என் மகிழ்வே’ என்று பொருள்படும் பாட்டை எழுதிய யோஹான் ஃபிராங்க் வழக்கறிஞர். கூபன் நகரின் மேயர். நொய்மார்க்கை வேலைக்கு வைத்த சிற்றரசர் வில்ஹெல்ம் பெயரிலும் ஒரு கோரல் வழங்குகிறது. எழுதத் தெரிந்த அலுவலர்களின் மாலைப்பொழுதில் பிறந்த பாட்டுகள் இவற்றில் ஏராளம்.

அந்தச் சிற்றரசர் இன்னொரு பொறுப்பும் வைத்திருந்தார். ஜெர்மன் மொழியில் தேவையில்லாமல் பிறமொழிச் சொல் கலப்பதைத் தடுக்க 1617-இல் வைமாரில் தொடங்கிய ‘கனிதரும் சங்கம்’ என்ற அமைப்புக்கு அப்போது தலைவர் அவரே. சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. நொய்மார்க் 1653-இல் சேர்ந்தபோது கிடைத்த பெயர் ‘தளிர்ப்பவன்’. சிற்றரசருடைய பெயர் ‘சுவையானவன்’. 1656-இல் நொய்மார்க் சங்கச் செயலரானார். 1668-இல் சங்கத்தின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். சங்கத்தின் சின்னம் எது தெரியுமா? தென்னை மரம். ‘எல்லாம் பயனுக்கே’ என்பது குறிக்கோள் வாசகம். ஓலை, நார், ஓடு, நீர் என்று எதுவும் வீணாகாத மரம் என்று ஏட்டில் படித்து, கண்ணால் பார்த்திராத மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

1657-இல் யேனா நகரில் அச்சான அவருடைய தொகுப்பில்தான் நம் பாட்டு முதன்முதலாக மெட்டோடு வெளியானது. எழுதியதற்கும் அச்சானதற்கும் இடையே ஏறக்குறைய 15 ஆண்டு. தலைப்பில் ஆறுதல் பாட்டு என்று போட்டு, சங்கீதம் 55-இன் வசனத்தையும் சேர்த்திருந்தார்: ‘கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்.’ 1681-இல் பார்வை போயிற்று. சம்பளத்தை நிறுத்தாமல் விட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் வைமாரில் இறந்தார்.

மெட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

பத்தியில் ஆறு வரி இருந்தாலும் மெட்டில் கற்க வேண்டியது நான்கே வரி. 1, 2 வரிகளுக்கான மெட்டு அப்படியே 3, 4 வரிகளுக்கும் திரும்புகிறது. பிறகு 5, 6 வரிகளுக்குப் புது மெட்டு. அ, அ, ஆ என்று குறிக்கலாம். ஜெர்மன் பாடகர் மரபில் இதற்கு ‘பார்’ அமைப்பு என்று பெயர். திரும்பி வரும் பகுதி ‘ஷ்டோலன்’, அதாவது தாங்கும் தூண். கடைசிப் பகுதி ‘அப்கெசாங்’. இரண்டு தூண் நட்டு மேலே உத்தரம் வைப்பதுபோல.

பல்லவி, அனுபல்லவி என்று பழகிய காதுக்கு இதில் ஓர் ஏமாற்றம் இருக்கும். ‘ஆ’ பகுதி முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவதில்லை. பாட்டு அங்கேயே முடிந்து அடுத்த பத்தி தொடங்குகிறது. திரும்பத் திரும்ப வரும் சொல்வரியும் கிடையாது. மெட்டு திரும்புகிறது, சொல் திரும்புவதில்லை. இந்தப் பாட்டில் 7 பத்திகள். பத்திக்கு 50 ஒலியசை, ஆக 350 ஒலியசை; ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டிய மெட்டு 33 ஒலியசைக்கு மட்டும். படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த சபையில் பாட்டைப் பரப்ப இதுவே வழி.

முதல் வரியை ஸ்வரத்தில் சொல்லிப் பார்க்கலாம். மெட்டு மைனர் அளவையில் இருக்கிறது. ஆதார ஸ்ருதியை ஸ என்று வைத்தால்: கீழ் ப, ஸ, ரி, க, ரி, ஸ, ரி, கீழ் நி, கீழ் ப. ஒன்பது ஒலியசைக்கு ஒன்பது ஸ்வரம். ரி சதுஸ்ருதி, க சாதாரணம், நி காகலி. கீரவாணி பழகியவர்களுக்கு இந்த நடை உடனே பிடிபடும். கொள்ளைக்காரர்களிடம் எல்லாவற்றையும் இழந்தவனின் பாட்டு கீழ் பஞ்சமத்தில் தொடங்கி, கொஞ்சம் ஏறி, மறுபடி அதே பஞ்சமத்துக்கு இறங்குகிறது. ஆனால் கோரலை ராகமாக எண்ணிப் பாடினால் கெட்டுவிடும். மைனர் அளவையில் தேவைக்கேற்ப நி-யும் த-வும் இரண்டு விதமாக வரலாம், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே மூன்று குரல் நிற்கிறது. கமகம் போட்டால் கீழே உள்ள குரல்களோடு மோதும். நேராக நின்று பாட வேண்டிய இசை இது.

முதல் ஒலியசை ‘வேர்’ மெலிவானது என்று பார்த்தோம். அதனால் பாட்டு தாளத்தின் அடியில் தொடங்காது. அடிக்கு ஒரு தட்டு முன்னால், கை மேலே இருக்கும்போது தொடங்கும். ‘நூர்’ மீதுதான் அடி. புதிதாகப் பாடுகிறவர்கள் முதல் ஸ்வரத்திலேயே அடியைப் போட்டுவிடுவார்கள். உடனே வரி முழுக்க அழுத்தம் இடம் மாறி, ‘டென்’ போன்ற சின்னச் சொற்கள் கத்தும், ‘கடவுள்’ என்ற சொல் அமுங்கிப் போகும்.

இன்னொரு தவறு வரிமுடிவில் நடக்கும். அச்சில் ஒவ்வொரு வரி முடிவிலும் வளைவுக்குள் ஒரு புள்ளி இருக்கும், ஃபெர்மாட்டா என்பார்கள். மற்ற இசையில் அதற்கு ‘இங்கே நீட்டி நிறுத்து’ என்று பொருள். கோரலில் பெரும்பாலும் ‘வரி இங்கே முடிகிறது, மூச்சு எடு’ என்பதே பொருள். ஆறு இடத்திலும் நான்கு தட்டு நீட்டினால் பாட்டு ஆறு துண்டாகிவிடும்.

ஒரு மெட்டு, பல பாட்டுகள்

அளவும் அழுத்தமும் ஒத்துப்போனால் ஒரு மெட்டில் வேறு பாட்டை வைக்கலாம். அந்தக் காலப் பாட்டுப் புத்தகம் பலவற்றில் பாட்டு மட்டும் அச்சிட்டு, மேலே ‘இன்ன பாட்டின் மெட்டில்’ என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். இசைக்குறி அச்சடிக்கும் செலவு மிச்சம். சபையும் புது மெட்டுக் கற்க வேண்டாம். நொய்மார்க்கின் மெட்டில் ஏறிய பாட்டுகளில் முக்கியமானது, ருடோல்ஷ்டாட் சீமாட்டி எமிலி யூலியானே 1686-இல் எழுதிய, ‘என் முடிவு எவ்வளவு அருகில் என்று யாருக்குத் தெரியும்’ என்று தொடங்கும் மரணப் பாட்டு. ஆறுதல் பாட்டின் மெட்டு சாவுப் பாட்டுக்கும் போனது. இசை தெரிந்த லூத்தரன் காதுக்கு இந்த மெட்டைக் கேட்டால் இரண்டு பாட்டும் நினைவுக்கு வரும். பாக் அதை அறிந்தே இரண்டு வகையிலும் பயன்படுத்தினார்.

எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. யோஹான் மென்ட்ஸர் 1704-இல் எழுதிய, ‘எனக்கு ஆயிரம் நாவு இருந்தால்’ என்ற துதிப் பாட்டும் இதே 9.8.9.8.8.8. அளவில் பொருந்தும், பாடிவிடலாம். ஆனால் ஆயிரம் நாவால் துதிக்க நினைக்கும் மகிழ்ச்சி இந்த இறங்குமுக மெட்டில் எழும்பாது. அதற்கென்று வேறு மெட்டுகள் வந்தன.

நான்கு குரல்

லூத்தரின் காலத்தில் சபை ஒரே குரலில், வாத்தியத் துணையில்லாமல்தான் பாடியது. பாடகர் குழு பாடும் அமைப்புகளில் மெட்டு டெனர் என்ற நடுக்குரலில் ஒளிந்திருக்கும். சபையாருக்கு மெட்டே கேட்காது. 1586-இல் லூக்காஸ் ஓசியாண்டர் மெட்டை மேலே, சொப்ரானோ குரலுக்கு மாற்றி, எல்லாக் குரலும் ஒரே தாளத்தில் நகரும்படி ஒரு தொகுப்பை வெளியிட்டார். இன்று நாம் கோரல் என்று கேட்கும் வடிவத்தின் ஆரம்பம் அது. 17-ஆம் நூற்றாண்டில் ஆர்கன் சபையோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது. கூட்டமும் பெரிய குழாய் வாத்தியமும் சேர்ந்தால் வேகம் குறையும். பழைய மெட்டுகளின் துள்ளலான தாளங்கள் மெல்ல மெல்ல ஒரே நீளமுள்ள ஸ்வரங்களாகத் தட்டையாயின. பாக் கையில் கிடைத்தது அப்படித் தட்டையான மெட்டுகள்தான். அந்தத் தட்டையே அவருக்கு வசதியாகிவிட்டது: மேலே மெட்டு நடை போட, கீழே மற்றக் குரல்கள் ஓடலாம்.

ஒத்திசைவு எழுதப் பழகுகிறவர்கள் வரிமுடிவிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் ஒவ்வொரு வரியும் எந்த ஸ்வரக்கட்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில், அதாவது கார்டில்) முடிகிறது என்று முடிவு செய்யுங்கள். நம் பாட்டின் முதல் வரி நி, ப என்று முடிவதால் அதன் கீழே பஞ்சமக் கட்டு நிற்கும். கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தியதுபோல் ஒலிக்கும். அடுத்து, கீழ்க்குரலான பாஸை எழுதுங்கள். மெட்டு ஏறும்போது முடிந்தவரை பாஸ் இறங்கட்டும். கடைசியாக நடுக்குரல்களான ஆல்ட்டோவும் டெனரும். இதைத் தலைகீழாகச் செய்து, முதல் ஸ்வரத்திலிருந்து ஒவ்வொன்றாக நான்கு குரலையும் நிரப்பிக்கொண்டே போனால், வரிமுடிவுக்கு வரும்போது போக்கிடம் இல்லாமல் சிக்கிக்கொள்வீர்கள். சிக்கியதற்கு அடையாளம், இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியிலேயே சேர்ந்து நகர்வது. அப்போது அந்த இரண்டும் ஒரே குரல்போல் ஒட்டிக்கொள்ளும், நான்கு குரல் மூன்றாகக் கேட்கும். அதனால்தான் பாடநூல்கள் அதைத் தடை செய்கின்றன.

பாக்கிடம் எப்படிக் கேட்பது

பாக்கின் படைப்புகளுக்கு பி.டபிள்யூ.வி. என்ற எண் உண்டு. வொல்ஃப்காங் ஷ்மீடர் 1950-இல் வெளியிட்ட பட்டியலின் எண் அது. வகைவாரியாக அடுக்கியது, காலவரிசை அல்ல. எனவே நம் மெட்டில் அமைந்த படைப்புகளில் 93, 642-க்கு முந்தியது என்று நினைக்கக் கூடாது. உண்மையில் 642-தான் முந்தியது: நொய்மார்க் வாழ்ந்து மறைந்த அதே வைமாரில், ஒரு தலைமுறைக்குப் பிறகு ஆர்கன் வாசிப்பவராக இருந்தபோது பாக் எழுதியது.

முதலில் 691. விசைப்பலகைக்கான மிகச் சிறிய துண்டு. 1720-இல் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமான் பழகத் தொடங்கிய பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பையனுக்கு அப்போது ஒன்பது வயது. மெட்டு அலங்காரங்களோடு மேலே தனியாகக் கேட்கும். பிறகு 642: மெட்டு அலங்காரமே இல்லாமல் மேலே நிற்கும், கீழே குறில்-குறில்-நெடில் என்ற துள்ளல் நடை விடாமல் ஓடும். சோகப் பாட்டுக்குத் துள்ளல் ஏன் என்று கேட்கத் தோன்றும். பாட்டு ஆறுதலைப் பற்றியது, அழுகையைப் பற்றியதல்ல என்று பாக் எடுத்துக்கொண்டார் போலும்.

இதற்குப் பிறகுதான் 93. 1724 ஜூலை 9-ஆம் தேதி லைப்சிக்கில் அரங்கேறிய கான்டாட்டா, அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த பல பகுதிப் படைப்பு. ஏழு பகுதி, பாட்டின் ஏழு பத்திக்கு ஏற்ப. தொடக்கத்திலிருந்து கேட்டால் புதியவர்களுக்கு மெட்டு நழுவும், ஏனென்றால் முதல் பகுதியில் ஒவ்வொரு வரியும் முதலில் இரண்டிரண்டு குரல்களில் பூவேலையோடு வந்து, அதன்பின்பே நான்கு குரல் கோரலாக வரும். ஆகவே ஏழாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்: அலங்காரம் இல்லாத நான்கு குரல் கோரல். அடுத்து நான்காம் பகுதி: சொப்ரானோவும் ஆல்ட்டோவும் பாட்டின் சொல்லை வேறு இசையில் பாடிக்கொண்டிருக்க, தந்தி வாத்தியங்கள் ஒன்றாகச் சேர்ந்து மெட்டை வாசிக்கும். சொல் குரலில், மெட்டு வாத்தியத்தில். சபையாருக்கு மெட்டு மனப்பாடம் என்பதால் யாரும் பாடாமலே அது பிடிபடும். இந்தப் பகுதியையே பின்னால் ஆர்கனுக்கு மாற்றினார் (647). அங்கே மெட்டைக் காலால் மிதித்து வாசிக்க வேண்டும்.

இரண்டாவதும் ஐந்தாவதும் கொஞ்சம் தந்திரமானவை. நொய்மார்க்கின் ஒரு வரி, உடனே அதற்கு விளக்கமாகப் புதிதாக எழுதிய பேச்சு நடை, மறுபடி அடுத்த வரி என்று ஊடுபாவாக நெய்திருக்கும். மெட்டுப்போல் ஒலித்தால் நொய்மார்க், பேச்சுப்போல் ஒலித்தால் விளக்கம். இதைப் பிரித்துக் கேட்கப் பழகியபின் முதல் பகுதிக்குத் திரும்பினால் அந்தப் பூவேலைக்குள் மெட்டு தானே தெரியும்.

தமிழில் ஏறும்போது

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர் வழிவந்த ஜெர்மானிய மிஷனரிகளும் இந்த மெட்டுகளைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். பப்ரிசியஸ் ஏராளமான ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார். ‘ஞானப்பாட்டு’ என்று லூத்தரன் சபைகளில் இன்றும் பாடுவதில் பல, அளவெண் மாறாத கோரல்கள். சொல்லை மாற்றி மெட்டை வைத்துக்கொள்ளும் பழைய ஜெர்மன் பழக்கத்தின் நீட்சியே இது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மன் செய்யுள் அழுத்தத்தை எண்ணும், தமிழ் குறில் நெடிலை எண்ணும். தட்டையான கோரல் மெட்டில் எல்லா ஸ்வரமும் ஒரே நீளம். அதில் தமிழ்ச் சொல்லை ஏற்றினால் குறிலும் நெடிலும் ஒரே அளவாகிவிடும். ‘படம்’ பாடினால் ‘பாடம்’ என்று கேட்கும், ‘வழி’ ‘வாழி’ ஆகும். போதாக்குறைக்கு முதல் ஒலியசை எப்போதும் அடிக்கு முன்னால் விழுவதால், மோனைக்காக நாம் ஊன்றிச் சொல்லும் சொல்முதல் எழுத்து அமுங்கிப்போகும். எண்ணிக்கை ஒன்பதும் எட்டும் பிசகாமல் இருந்தும் பாட்டு நெருடும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் ராகம், தாளம் வைத்து எழுதிய கீர்த்தனைகளில் இந்த நெருடல் இல்லை. தமிழ்ச் சபைகளில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் தனித்தனி வகையாக, ஒரே ஆராதனையில் இரண்டும் பாடப்படுகின்றன. கோரலைத் தமிழில் பாட வேண்டியவர்கள் குறில் வரும் ஸ்வரத்தைச் சற்றுக் குறுக்கி, மிச்ச நேரத்தை அடுத்து வரும் நெடிலுக்கோ ஒற்றுக்கோ கொடுத்தால் சொல் பிழைக்கும். கூட வாசிப்பவர் மட்டும் தட்டை மாற்றாமல் இருக்க வேண்டும்.